கௌஹர் ஜானும் அரக்குத் தட்டுகளும்

பரணில் பழைய கிராமபோன் பிளேட்டுகள் வைத்திருக்கும் வீடுகள் நம் குடியிருப்பில் ஏழெட்டாவது தேறும். போகிக்கு முன்னால் பரண் ஒழிக்கும்போது ஒரு தகரப் பெட்டி இறங்கும். உள்ளே தாத்தா காலத்துக் கறுப்புத் தட்டுகள். உடனே வீட்டில் இரண்டு கட்சி கிளம்பும். நூறு வருடப் பழசு, லட்சக்கணக்கில் போகும் என்பது ஒரு கட்சி. கேட்க மெஷினே இல்லை, எடைக்குப் போட்டுவிட்டு இடத்தைக் காலி செய்யலாம் என்பது இன்னொரு கட்சி. பெரும்பாலும் ஜெயிப்பது இரண்டாவது கட்சிதான். பழைய பேப்பர்காரர் வண்டியில் அந்தப் பெட்டி போவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இரண்டு கட்சியினரின் கணக்கும் தப்பு. பழைய தட்டுக்கு விலை எப்படி வருகிறது, எப்படி வராமல் போகிறது என்பதை ஒரு பெண்மணியின் வாழ்க்கையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். அதனால் இந்தக் காலாண்டின் வாழ்க்கை வரலாறு கௌஹர் ஜானுடையது. ஒரு காலத்தில் கல்கத்தாவிலிருந்து மைசூர் வரை அவர் பெயர் தெரியாத சமஸ்தானம் கிடையாது. இந்தியாவில் இசைத்தட்டு என்ற வியாபாரம் வேரூன்றியதே அவரை வைத்துத்தான்.

கௌஹர் ஜான் 1873-ம் ஆண்டு ஜூன் 26-ம் தேதி, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள ஆஸம்கரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஏஞ்சலினா யோவர்டு. தகப்பனார் ராபர்ட் வில்லியம் யோவர்டு ஆர்மேனிய வம்சாவளியைச் சேர்ந்த எஞ்சினியர். தாயார் விக்டோரியா ஹெம்மிங்ஸ் இந்தியாவிலேயே பிறந்தவர். அவருடைய தாயார் இந்தியப் பெண். விக்டோரியாவுக்குப் பாட்டும் நடனமும் தெரியும், உருதுவில் கவிதையும் எழுதுவார். கல்யாணம் நிலைக்கவில்லை. 1879-ல் விவாகரத்து ஆனபோது குழந்தைக்கு வயது ஆறு.

கையில் காசில்லாத தாயும் மகளும் காசிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இருவரும் இஸ்லாத்தைத் தழுவினார்கள். தாயார் மல்கா ஜான் ஆனார், மகள் கௌஹர் ஜான் ஆனார். கௌஹர் என்றால் ரத்தினம். மல்கா ஜான் அங்கே பாட்டிலும் கதக் நடனத்திலும் பெயர் எடுத்தார். அதே பெயரில் வேறு பாடகிகளும் இருந்ததால் இவரைப் பெரிய மல்கா ஜான் என்று அழைத்தார்கள். நம் பக்கத்தில் இசைவேளாளர் குடும்பத்துப் பெண்கள் சங்கீதத்தையும் நாட்டியத்தையும் காப்பாற்றி வைத்திருந்ததைப் போல, வடக்கே தவாயிஃப் என்று அழைக்கப்பட்ட பெண்கள் தும்ரி, தாத்ரா, கஜல், கதக் எல்லாவற்றையும் காப்பாற்றி வந்த காலம் அது. அவர்களிடம் படிப்பு இருந்தது, சொத்து இருந்தது, ஊர் மரியாதையும் ஊர் ஏச்சும் சேர்ந்தே இருந்தன.

1883-ல் இருவரும் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவத் சமஸ்தானத்தை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்த நவாப் வாஜித் அலி ஷா, கல்கத்தாவின் மட்டியாபுர்ஜ் பகுதியில் ஒரு குட்டி லக்னோவையே உண்டாக்கி வைத்திருந்தார். மல்கா ஜான் அந்த அரண்மனையில் பாடினார். சில வருடங்களிலேயே சித்பூர் ரோட்டில் 40,000 ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். மகளுக்கு நல்ல குருமார்களை அமர்த்தினார். கதக் கற்றுக் கொடுத்தவர் பிந்தாதீன் மகராஜ். இன்றும் கதக் கலைஞர்கள் காதைத் தொட்டுக்கொண்டு சொல்லும் பெயர் அது. கயால், தும்ரி, துருபத், வங்காளக் கீர்த்தனை, ஆங்கிலப் பாட்டு என்று கௌஹர் எதையும் விடவில்லை. 1887-ல், 14 வயதில், தர்பங்கா மகாராஜாவின் அரண்மனையில் முதல் கச்சேரி. அங்கேயே அவரை ஆஸ்தானக் கலைஞராக வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த பதினைந்து வருடங்கள் அவர் புகழ் ஏறியதை வேகமாகக் கடந்து 1902-க்கு வருகிறேன். இந்த வரலாற்றின் நடுப்புள்ளி அதுதான்.

லண்டனில் இருந்த கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர் கம்பெனி (பாட்டு மெஷினோடு தட்டச்சு மெஷினும் விற்றதால் அந்தப் பெயர்) கீழ்த்திசை நாடுகளில் மெஷின் விற்க ஆசைப்பட்டது. உள்ளூர்ப் பாட்டு இல்லாமல் உள்ளூர்க்காரன் மெஷின் வாங்க மாட்டான் அல்லவா? அதனால் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்க இளைஞரை ஒலிப்பதிவுச் சாமான்களோடு கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் பதிவுக்கூடம் அமைந்தது. முதலில் நாடகக் கம்பெனியைச் சேர்ந்த சசிமுகி, ஃபணிபாலா என்ற இரண்டு இளம்பெண்கள் பாடினார்கள். சாயெபுகளும் துரைமாரும் கைகாட்டிய அந்தக் குரல்கள் கெய்ஸ்பர்க்குக்குத் திருப்தி தரவில்லை. சில நாள் கழித்து, நவம்பர் 11-ம் தேதி, கௌஹர் ஜான் வந்தார். பரிவாரத்தோடு, உடம்பு நிறைய நகையோடு வந்தார். ஒவ்வொரு பதிவுக்கும் புதிய உடை, புதிய நகை, போட்டதை மறுபடி போட்டு வரவில்லை என்று கெய்ஸ்பர்க் பிற்காலத்தில் வியந்து எழுதியிருக்கிறார்.

அன்று மைக் கிடையாது. மின்சார ஒலிப்பதிவு 1925-ல்தான் வந்தது. சுவரில் பொருத்திய ஒரு பெரிய தகரக் குழலுக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு கத்திப் பாட வேண்டும். குழலின் மறுமுனையில் உள்ள சவ்வு அதிர, அதனோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். உச்சஸ்தாயியில் பாடகர் தலையைப் பின்னால் இழுக்க வேண்டும். கீழே வரும்போது முன்னால் நீட்ட வேண்டும். கையை ஆட்ட முடியாது, அபிநயம் பிடிக்க முடியாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் நேரம். பத்து அங்குலத் தட்டில் சுமார் மூன்று நிமிடம்தான். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடிப் பழகியவர்களுக்கு இது ஆனையைக் கூஜாவில் அடைக்கிற வேலை.

பெரிய உஸ்தாதுகள் பலர் மறுத்துவிட்டார்கள். மெஷின் குரலைத் தின்றுவிடும் என்று சிலர் பயந்தார்கள். கண்ட கண்ட இடத்திலும் தன் பாட்டு ஒலிப்பது கௌரவக் குறைவு என்று சிலர் நினைத்தார்கள். வித்தை திருடு போகும் என்ற கவலையும் இருந்தது. கௌஹர் ஜான் அந்த மூன்று நிமிடத்துக்கு ஒரு வடிவம் செய்தார். சுருக்கமான ஆலாபனை, நேரே பல்லவி, நடுவில் வேகமான சில தானங்கள், முடிப்பு. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான பாடகர்கள் அந்த அச்சிலேயே பாடினார்கள். என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சாதனை முதலில் பாடியது அல்ல, மூன்று நிமிடத்தில் அரைகுறையாகத் தோன்றாமல் பாடியதுதான்.

பாட்டு முடிந்ததும், கடைசி சில விநாடிகளில் உரத்த குரலில் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார். இன்று கேட்பவர்களுக்கு அது ஒரு கர்வமான முத்திரையாகத் தோன்றும். காரணம் சாதாரணமானது. மெழுகுத் தட்டுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய் அங்கேதான் அச்சாகின. வங்காளியும் உருதுவும் தெரியாத ஜெர்மன் தொழிலாளி எந்த லேபிளை எதில் ஒட்டுவது? பெயர் காதில் விழுந்தால் தப்பு நடக்காது. வேறு பாடகர்களும் இப்படி அறிவித்திருக்கிறார்கள். கௌஹர் சொன்ன தோரணை மட்டும் நிலைத்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தத் தட்டுகளின் உயிர்ப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி உண்டாக்கும் பிசின். உலகத்துக்கு அதைப் பெருமளவில் அனுப்பியது இந்தியா. சோட்டா நாக்பூர்க் காட்டில் எடுத்த அரக்கு கல்கத்தா துறைமுகம் வழியாக ஐரோப்பா போய், கல்தூளும் கரிப்பொடியும் சேர்ந்து தட்டாகி, கல்கத்தாப் பாடகியின் குரலைச் சுமந்துகொண்டு 1903-ல் திரும்பி வந்து இங்கேயே விற்றது! 1908-ல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் இந்தச் சுற்றுப் பயணம் முடிந்தது.

இப்போது காசுக்கு வருவோம். ஒரு பதிவுக்கு 3,000 ரூபாய் கேட்டு வாங்கினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அரசாங்கம் ஓர் ஆங்கிலப் பவுனுக்கு நிர்ணயித்த மதிப்பு 15 ரூபாய். அந்தப் பவுன் காசின் எடை கிட்டத்தட்ட 8 கிராம், அதாவது இன்று நாம் நகைக்கடையில் சொல்லும் ஒரு சவரன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 ரூபாய் என்பது 200 சவரன். இன்றைய ரேட்டில் எவ்வளவு என்பதை அவரவரே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல். இதே கெய்ஸ்பர்க், இதே 1902-ல், ஏப்ரல் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் என்ரிகோ கரூஸோ என்ற ஓபரா பாடகரைப் பதிவு செய்தார். கரூஸோவும் 1873-ல் பிறந்தவர்தான். பத்துப் பாட்டுக்கு அவர் கேட்டது 100 பவுண்டு. அதுவே அதிகம் என்று லண்டன் ஆபீஸ் தடுத்ததாகவும், கெய்ஸ்பர்க் காதில் போட்டுக்கொள்ளாமல் பதிவு செய்ததாகவும் கதை உண்டு. கரூஸோ பிறகு அமெரிக்கா போய் உலகத்தின் முதல் இசைத்தட்டு நட்சத்திரம் ஆனார். நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அமெரிக்காவில் விக்டர் கம்பெனிக்காக அவர் பாடிய தட்டுகள் மலை மலையாக விற்றன. அதனாலேயே இன்று அவை சல்லிசாகக் கிடைக்கின்றன. உலகப் புகழ், நூறு வயது, அருமையான குரல் எல்லாம் இருந்தும் சேகரிப்பவர்கள் அவற்றைப் பெரிதாகத் தேடுவதில்லை. 1902-ல் மிலானில் பதிவான தட்டுகளின் முதல் அச்சு என்றால் மட்டும் கண் விரியும். புகழ் வேறு, அரிது வேறு.

கௌஹர் ஜானுக்குத் திரும்புவோம். 1902 முதல் 1920 வரை பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் சுமார் 600 தட்டுகள் பாடினார் என்பது கணக்கு. அவர் முகம் படத் தபால் அட்டையில் வந்தது, தீப்பெட்டியில் வந்தது. சமஸ்தானங்கள் அழைத்தன. 1910-ல் சென்னைக்கு வந்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் பாடினார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் போகும்போது ரிப்பன் மாளிகையை ஒட்டி நாம் தினமும் பார்க்கிற அதே செங்கல் கட்டடம்தான். அந்த விஜயத்துக்குப் பிறகு அவருடைய இந்தி, உருதுப் பாட்டுகள் தமிழ்ப் பாட்டுப் புத்தகம் ஒன்றிலும் இடம்பெற்றன. பல வருடங்கள் கழித்து அந்த ஹாலுக்கு அடுத்திருந்த மூர் மார்க்கெட்டில்தான் சென்னையின் இசைத்தட்டுப் பிரியர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய தட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அந்த மார்க்கெட்டும் 1985-ல் எரிந்துபோனது.

1911 டிசம்பரில் டெல்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில், அலகாபாத் ஜானகி பாயோடு சேர்ந்து கௌஹர் ஜான் வாழ்த்துப் பாடினார். ஜானகி பாயும் இசைத்தட்டில் கொடி கட்டிப் பறந்தவர்.

செல்வாக்கு இருந்த காலத்தில் அவர் செலவழித்த விதம் பற்றி ஏகப்பட்ட கதைகள். வளர்த்த பூனை குட்டி போட்டதற்கு 20,000 ரூபாய் செலவில் விருந்து வைத்தாராம். அரச குடும்பத்தாரும் பெரிய அதிகாரிகளும் மட்டுமே ஓட்டலாம் என்றிருந்த குதிரைகள் பூட்டிய வண்டியில் கல்கத்தா வீதியில் உலா போவாராம். ஒவ்வொரு முறையும் 1,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு மறுபடியும் போவாராம். இவை எந்த அளவு வளர்ந்த கதைகளோ, ஒரு விஷயம் தெளிவு. தன் விலை என்ன என்று அவருக்குத் தெரியும், அதைக் குறைத்துக்கொள்ள மாட்டார். காந்திஜியைப் பற்றிய கதையும் அப்படித்தான். சுயராஜ்ய நிதிக்காக ஒரு கச்சேரி செய்து தரச் சொன்னாராம் காந்திஜி. அவரே நேரில் வந்து கேட்டால் செய்கிறேன் என்றாராம் கௌஹர். அன்று காந்திஜியால் வர முடியவில்லை. வசூல் 24,000 ரூபாய். வாக்குப் பாதிதானே நிறைவேறியது என்று 12,000 ரூபாயை மட்டும் கொடுத்தனுப்பினாராம்.

சொந்த வாழ்க்கையில் அந்தக் கறார் இல்லை. 1906-ல் தாயார் மல்கா ஜான் இறந்தார். அந்த அடியிலிருந்து அவர் முழுதாக எழவே இல்லை. வீட்டு வேலைக்காரியின் மகன், தானே மல்கா ஜானின் பிள்ளை என்று சொல்லிச் சொத்துக்கு வழக்குப் போட்டான். நாடறிந்த ஒரு பெண், தான் யாருடைய மகள் என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டி வந்தது. சிறுவயதில் பிரிந்துபோன தகப்பனைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைத்தார். வழக்கில் ஜெயித்தார். ஆனால் அடுத்தது வந்தது. தன்னைவிட வயதில் சிறியவரும் தன் காரியதரிசியுமான சையது குலாம் அப்பாஸ் என்பவரை மணந்துகொண்டார். சொத்தை அவர் பெயருக்கும் எழுதினார். பிறகு கசப்பு, பிரிவு, மறுபடியும் கோர்ட். வருடக்கணக்கில் வக்கீல் ஃபீஸ். சித்பூர் ரோட்டு வைபவம் எல்லாம் அதில் கரைந்தது. எத்தனை பெரிய கலைஞர்களின் கடைசி அத்தியாயம் வக்கீல் ஆபீஸில் எழுதப்படுகிறது! நம் ஊர் உதாரணங்கள் உங்களுக்கே தெரியும்.

வயது ஐம்பதைத் தாண்டியது. கல்கத்தாவை விட்டு ஊர் ஊராகப் போனார். கடைசியில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவு கொடுத்தார். 1928 ஆகஸ்ட் 1-ம் தேதி முதல் மாதம் 500 ரூபாய் சம்பளத்தில் அரண்மனைப் பாடகி. அன்றைக்கு அது நல்ல சம்பளம்தான். ஒரு பதிவுக்கு 3,000 வாங்கியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். மைசூரில் அவர் இருந்தது ஒன்றரை வருடம்கூட இல்லை. 1930 ஜனவரி 17-ம் தேதி அங்கேயே காலமானார். வயது 56. பிள்ளைகுட்டி இல்லை.

ஆக, நகை போயிற்று, வீடு போயிற்று. மிஞ்சியது அரக்குத் தட்டுகள்.

அந்தத் தட்டுகளுக்குத்தான் இன்று உலகம் முழுக்க ஆள் தேடுகிறார்கள். எல்லாத் தட்டுக்கும் அல்ல. கௌஹர் ஜான் தட்டாகவே இருந்தாலும், அவருடைய அமோகமாக விற்ற பாட்டுகள் திரும்பத் திரும்ப அச்சானவை. பிற்கால நாய் முத்திரை லேபிளோடு வந்த அச்சுகளுக்கு மதிப்பு ஒரு மாதிரி. 1902, 1903 சமயத்தில் ஹானோவரில் அச்சான, ஒரு பக்கம் மட்டும் பாட்டு உள்ள தட்டு என்றால் மதிப்பு வேறு மாதிரி. அதன் லேபிளில் நாய் இருக்காது. ஒரு குட்டி தேவதை உட்கார்ந்து இறகுப் பேனாவால் தட்டில் எழுதிக்கொண்டிருக்கும். பின்பக்கம் பாட்டுக்கோடு இல்லாமல் இருப்பதைப் பார்த்து, ஏதோ குறைப்பட்ட தட்டு என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. இருபக்கத் தட்டுகள் பரவலானது 1908 வாக்கில்தான். அதனால் ஒரு பக்கத் தட்டு என்றாலே மூத்தது என்று அர்த்தம்.

இவை ஏன் இவ்வளவு அரிதாயின? அரக்குத் தட்டு கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். உடையாமல் இருந்தாலும் இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் பள்ளத்தைக் கொஞ்சம் தின்னும்; அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போடச் சொல்லுவார்கள். யுத்தமும் ஒரு காரணம். இரண்டாம் உலக யுத்தத்தில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்து, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய தட்டுகளைச் சேகரித்து அரைத்துப் புதுத் தட்டு செய்தார்கள். யாருடைய குரல் அரைபட்டது என்று யாரும் பார்க்கவில்லை.

தமிழ்த் தட்டுகளுக்கும் இதே கணக்குத்தான். எம்.கே. தியாகராஜ பாகவதரின் புகழ்பெற்ற சினிமாப் பாட்டுத் தட்டு நம் வீட்டில் இருக்கிறது என்றால், அது பக்கத்து வீட்டிலும் இருந்திருக்கும். கேட்க ஆனந்தம், விற்கப் போனால் ஏமாற்றம். அதற்கு நேர்மாறாக, 1900-களில் பாடிய சேலம் கோதாவரி போன்றவர்களின் தட்டு கிடைத்தால், பெயரே தெரியவில்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெயர் தெரியாமல் போனதற்குக் காரணமே தட்டு கிடைக்காததுதான். அதிகம் விற்காத நாடகப் பாட்டு, ஹரிகதை, நாதஸ்வரம், நகைச்சுவை வசனம் இவற்றை எல்லாம் இன்று சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுகிறார்கள்.

இன்னொரு ஆச்சரியம். வெளிநாடுகளில் 78 சுற்றுத் தட்டுகளை நிறுத்திய பிறகும் இந்தியாவில் 1960-களின் பிற்பகுதி வரை அவற்றை அச்சடித்தார்கள். அதனால் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் இங்கே 78 சுற்றுத் தட்டாகவும் வந்தன. இங்கிலாந்தில் அப்படி வரவில்லை. எனவே டம்டம் தொழிற்சாலையில் அச்சான அந்த இந்தியத் தட்டுகளுக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி. காலேஜ் படிக்கும்போது அப்பா வாங்கிய இங்கிலீஷ் பாட்டுத் தட்டுதானே என்று அலட்சியம் வேண்டாம். நூறு வயதுத் தட்டைவிட அறுபது வயதுத் தட்டு அதிக விலைக்குப் போகலாம்.

பரண் ஒழிக்க இருப்பவர்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் பளபளவென்று கறுப்பாக இருந்தால் நல்ல நிலை. சாம்பல் பூத்து இருந்தால் ஊசி தேய்த்துவிட்டது என்று பொருள். விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். லேபிளுக்கும் பாட்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது. இந்தியாவின் முதல் பதிவுகளை எண் வாரியாகப் பட்டியலிட்டு மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர் 1994-ல் புத்தகமே போட்டிருக்கிறார். லேபிளையும் இந்த எண்ணையும் போட்டோ எடுத்து, 1990 முதல் மும்பையில் இயங்கிவரும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் போன்ற விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிய பிறகு விலை பேசுங்கள். வீட்டு வாசலில் நின்றபடி மொத்தமாக இவ்வளவு என்று சொல்பவரிடம் உடனே தலையாட்ட வேண்டாம்.

முக்கியமாக, தட்டு அழுக்காக இருக்கிறதே என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். ஆசாரி மேஜைக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தான். தட்டும் அதே அரக்கு. பாட்டும் சேர்ந்து கரைந்துவிடும். மெல்லிய ஈரத் துணியால் வட்டமாகத் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும், லேபிளில் தண்ணீர் படக் கூடாது. அடுக்கி வைக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடுகளில் பரண் சூடு அரக்குக்கு ஆகாது. கட்டிலுக்கு அடியே உத்தமம். எல்.பி. தட்டுக்கான ஊசியை வைத்து இவற்றை ஓட்டக் கூடாது. 78-க்கென்று தடித்த முனையுள்ள தனி ஊசி உண்டு.

தட்டு இல்லாதவர்களும் கௌஹர் ஜானைக் கேட்கலாம். அவருடைய வரலாற்றை 2010-ல் புத்தகமாக எழுதிய விக்ரம் சம்பத், பழைய இந்திய இசைத்தட்டுகளை டிஜிட்டலாக மாற்றி ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். முதல் அரை நிமிடம் எண்ணெய் கொதிப்பது போல இரைச்சல் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காது பழகிய பிறகு பாட்டு மட்டும் மேலே வரும். மூன்றாவது நிமிடக் கடைசியில் சாரங்கி நின்றதும் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த அம்மாள் இன்னும் தன் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை.